இரண்டாம் சாவி எங்கே?

காஷிஃப் வாயை மூடிக்கொண்டு இருப்பது இரண்டே சமயங்களில்தான். ஒன்று தூங்கும்போது, இன்னொன்று பிரியாணி பரிமாறும்போது. அன்றைக்குக் காலையில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. மயிலாப்பூரில் பேராசிரியர் அனந்தராமனின் வீட்டு போர்ட்டிகோவில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்ததும் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

மருமகன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்து மாமனாருக்கு விட்டுப்போன கார் அது. பானெட்டில் வைத்த குங்குமப் பொட்டு காய்ந்து கறுத்திருந்தது. முன் சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. காருக்கு முன்னால் மூன்றடி தூரத்தில் கேட் தூண். அந்தத் தூணைப் பார்க்கத்தான் காஷிஃபுக்கு மனசு வரவில்லை.

பதினேழு நாளைக்கு முன்னால், ஆயுத பூஜையன்று, பேராசிரியரின் மனைவி சுலோச்சனா அந்த பானெட்டுக்கு மாலை சாத்திக்கொண்டிருந்தார். சும்மா நின்ற கார் திடீரென்று பாய்ந்து அவரைத் தூணோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்டீயரிங் பக்கமிருந்து வீட்டு டிரைவர் வேம்பு இறங்கியதை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். வேம்புவும் மறுக்கவில்லை. 'நான்தான் எடுத்தேன், கால் தவறிடுச்சு' என்று போலீசில் சொல்லிவிட்டான்.

விபத்து என்று எழுதி முடித்திருப்பார்கள். ஒரு சாவி அதைக் கொலையாக்கிவிட்டது.

"வாங்கறச்சே ரெண்டு சாவி குடுத்தா," என்றார் அனந்தராமன். அறுபத்தெட்டு வயது. கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பதிமூன்றாம் நாள் காரியம் முடித்த மொட்டைத் தலை. "ஒண்ணு மாடில பூஜைல இருந்தது. அப்போ அவன் எதைப் போட்டு வண்டியை எடுத்தான்? ரெண்டாவது சாவியை எப்பவோ திருடி வெச்சிண்டிருக்கான். எங்கேன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறான். அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்கோ, போறும். அவன் தூக்குல தொங்கறதைப் பார்த்துட்டுத்தான் நான் போவேன்."

"வேம்புவுக்கு அம்மா மேல என்ன கோபம் சார்?" என்று கேட்டாள் மதுவந்தி. மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராகப் பதினோரு வருஷம் நசுங்கின கார்களோடு குடித்தனம் நடத்திவிட்டு, தி. நகர் உஸ்மான் ரோட்டில் ஒரு பாத்திரக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருப்பவள். காஷிஃப் அவளுடைய உதவியாளன். சம்பளம் கொஞ்சம், வாய் ஜாஸ்தி.

"முதல் வாரம் பீடி குடிச்சுட்டு வந்தான்னு, நாளைலேர்ந்து வராதேன்னு திட்டினா. மறுநாளே தோசை வார்த்துப் போட்டா. அவ சுபாவம் அது." அவர் குரல் உடைந்தது. "ஸ்டேஷன்ல என் கால்ல விழுந்தான். மன்னிச்சுடுங்க சார்ங்கறான். ஓங்கி அறைஞ்சேன். ஜன்மத்துல யாரையும் அடிச்சதில்லை."

"அன்னிக்கு அலாரம் கத்துச்சா?"

"இல்லையே. போலீசும் அதைத்தான் சொன்னா. கம்பெனிலேர்ந்தே வந்த அலாரம். வேற யாராவது கை வெச்சா ஊரையே கூட்டிடும். அசல் சாவி போட்டதாலதான் சும்மா இருந்திருக்கு."

மதுவந்தி காருக்குள் தலையை விட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அழகாகக் கட்டிய கம்பெனி வயர்களுக்கு நடுவே ஒரு நீல வயர் கறுப்பு டேப் சுற்றி நீட்டிக்கொண்டிருந்தது.

"கம்பெனிக்காரன் இவ்வளவு மோசமா டேப் சுத்த மாட்டான் மேடம்," என்றான் காஷிஃப், வாய் திரும்பிவிட்ட சந்தோஷத்தில். "நம்மூர் கை இது."

"ஓ, அதுவா? ஏசி ரிமோட்," என்றார் அனந்தராமன். "போன டிசம்பர்ல வேம்புதான் ஈக்காட்டுத்தாங்கல்ல போட்டுண்டு வந்தான். சுலோச்சனாவுக்கு வேர்த்தா மூச்சு வாங்கும். கார் வெயில்ல நின்னா உள்ளே அடுப்பு மாதிரின்னா இருக்கும்? மாடிலேர்ந்து ரெண்டு தடவை அமுக்கினா ஏசி ஓட ஆரம்பிச்சுடும். நாங்க இறங்கி வரச்சே வேம்பு வண்டியைக் கிளப்பித் தயாரா வெச்சிருப்பான். உள்ளே ஜில்லுன்னு இருக்கும்."

"நீங்க கார் ஓட்டுவீங்களா சார்?"

"சைக்கிளே ஓட்டினதில்லைம்மா."

பூஜை அறை மாடியில் இருந்தது. தீட்டு வந்ததும் பூட்டிவிட்டதால், எல்லாம் வைத்தது வைத்தபடி கிடந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் ஆயுதங்கள் வரிசையாக. கணக்குப் புத்தகம், பேனா, காம்பஸ் பெட்டி, ஸ்க்ரூடிரைவர், கார் சாவி, அந்த ரிமோட், கத்தரிக்கோல், அரிவாள்மணை. கார் சாவியின் மேல் சந்தனம் பொருக்குத் தட்டி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதைப் போட்டு யாரும் காரைத் திறக்கவில்லை என்பது காஷிஃபுக்கே புரிந்தது.

"ஒவ்வொண்ணுக்கா பொட்டு வெச்சுண்டே வந்தேன்," என்றார் அனந்தராமன் வாசற்படியிலேயே நின்று. "மந்திரம் சொல்லிண்டு, மணி அடிச்சுண்டு. கீழே அலறல். ஓடினேன். திரும்ப இந்த ரூமுக்குள்ள வரலை."

காஷிஃப் வரிசையைப் பார்த்தான். சும்மா இருக்க முடியாமல் மதுவந்தியின் காதில் கிசுகிசுத்தான். "பாவம் மேடம், கத்தரிக்கோலுக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டே இல்ல. கோச்சுக்காதா?"

சாதாரணமாக அவள் முறைப்பாள். அன்று முறைக்கவில்லை. புத்தகத்தில் பொட்டு, பேனாவில் பொட்டு, காம்பஸ் பெட்டியில், ஸ்க்ரூடிரைவரில், சாவியில், ரிமோட்டில் பொட்டு. அதற்கப்புறம் இல்லை. அவள் குனிந்து ரிமோட்டையே பார்த்தபடி இருந்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இந்த ரூமைப் பூட்டியே வைங்க சார். சாயங்காலம் வரோம்."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் காஷிஃப் கேட்டான். "இன்னா மேடம் பார்த்தீங்க?"

"இன்னும் ஒண்ணும் பார்க்கலை. பார்க்காமலே இருந்தா நல்லாயிருக்கும்னு தோணுது," என்றாள்.

இதைவிட நாலு திட்டு திட்டியிருந்தால் காஷிஃபுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

*

ஈக்காட்டுத்தாங்கல் சந்துக்குள், லேத் பட்டறைகளின் இரைச்சலுக்கு நடுவே, பீர் முஹம்மதுவின் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் ஷெட். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சால்டரிங் இரும்பு. வெள்ளைக் கார் என்றதும் இரும்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். டிரைவர் ஏத்திட்டான்னாங்க. நல்ல பையனாச்சே வேம்பு?"

"பாய், அந்தக் கார்ல நீங்க என்ன வேலை பண்ணீங்க? அதைச் சொல்லுங்க," என்றாள் மதுவந்தி.

"ரிமோட் ஸ்டார்ட்டர் போட்டேன். சிங்கப்பூர் சாமான். மூணு நாளு என் உசுரை எடுத்துடுச்சு. ஏன் தெரியுமா? அந்த வண்டில கம்பெனி அலாரம் கீது. மகா சந்தேகப் பேர்வழி. சாவித் தலைக்குள்ள ஒரு சில்லு வெச்சிருக்கான். சாவித் துவாரத்துகிட்ட அந்தச் சில்லு இல்லேன்னா என்ஜினைக் கிளம்ப விடாது, ஓன்னு கத்தும். தூரத்துலேர்ந்து பட்டனை அமுக்கினா சாவி எங்கேர்ந்து வரும்? சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்க பாய், எனக்குப் பசிக்குது," என்றான் காஷிஃப்.

"ரெண்டாவது சாவியை வேம்புகிட்ட வாங்கி, ஒரு டப்பாவுல போட்டு, டாஷ்போர்டு உள்ளாறயே வெச்சு மூடிட்டேன். பட்டனை அமுக்கினா, சாவி இங்கதான் கீதுன்னு அலாரம் நம்பிக்கும். வாயைத் தொறக்காது."

காஷிஃப் விக்கித்துப்போனான். ஒரு போலீஸ் ஸ்டேஷனே தேடிக்கொண்டிருந்த சாவி, அவர்கள் அளந்து எழுதி போட்டோ எடுத்த காருக்குள்ளேயே பத்து மாசமாகக் குந்தியிருக்கிறது. யாரும் திருடவில்லை. வேம்பு மேல் போட்ட கொலைக் கேஸின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிட்டது.

"அடிச்சோம் மேடம்!" என்று துள்ளினான். "வேம்பு வெளியே வந்துட்டான்!"

மதுவந்தி துள்ளவில்லை. "பாய், ரெண்டு தடவை அமுக்கினா கிளம்பறது ஏசியா, என்ஜினா?"

"என்ஜின் ஓடாம ஏசி ஏதும்மா? என்ஜின்தான் முதல்ல. பத்து நிமிஷம் ஓடும், யாரும் வரலேன்னா தானா நின்னுடும்."

"கியர்ல நிறுத்தியிருந்தா?"

பீர் முஹம்மது அவளை நிமிர்ந்து பார்த்தார். "அந்த சாமான் கிளட்ச் இல்லாத வண்டிக்குச் செஞ்சது. இது கியர் வண்டி. வேம்புகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், நிறுத்துறப்ப நியூட்ரல்தான்னு. கியர்ல விட்டு பட்டனை அமுக்கினா ஆளில்லாமலே எகிறும்." சொல்லிக்கொண்டே வந்தவர், கண்ணாடியைக் கழற்றினார். "யா அல்லா... அப்படியாம்மா ஆச்சு?"

காஷிஃபின் துள்ளல் அங்கேயே அடங்கிப்போனது. யார் அமுக்கினார்கள் என்று அவன் கேட்கவில்லை. பூஜை அறையில் பொட்டு எந்த இடத்தோடு நின்றது என்பது அவன் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. ரிமோட்டுக்குச் சந்தனம் வைக்க ஒரு அழுத்து. அதன்மேல் குங்குமம் வைக்க இன்னொரு அழுத்து.

*

சென்ட்ரல் ஜெயிலில் மனுப் போட்டு, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். வேம்புவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளியே வாசலில் அவன் மனைவி தங்கபுஷ்பம் வயர்கூடையோடு உட்கார்ந்திருந்ததை அவர்கள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

"ரெண்டாவது சாவி டாஷ்போர்டுக்குள்ள இருக்கு," என்றாள் மதுவந்தி. "பீர் பாய் சொல்லிட்டார்."

வேம்பு வலையைப் பிடித்துக்கொண்டான். "சாருக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

"தெரிய வேணாம் மேடம். உங்க கால்ல விழறேன்."

"உன் மேல கொலைக் கேசு நைனா," என்றான் காஷிஃப் ஆற்றாமையோடு. "உள்ளயே கெடக்கப் போறியா? வெளியே உன் சம்சாரம் உக்காந்துகினு கீது."

"நான்தான் கொன்னேன் சார். கியர்ல போட்டது நானு." அவன் கண்ணைத் துடைக்காமலே பேசினான். "பத்து மாசமா நியூட்ரல்லதான் நிறுத்தினேன். அன்னிக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சேன். போர்ட்டிகோ கேட் பக்கமா சரிவு. நல்ல நேரம் வர்றதுக்கு முன்னாடி வண்டி இறங்கிப் பழம் நசுங்கிட்டா அபசகுனம்னு அம்மா பயந்தாங்க. ஹேண்ட் பிரேக்கை எந்த டிரைவர் சார் முழுசா நம்புவான்? கியரைப் போட்டேன். பட்டனும் சாவியும் மேல பூஜையில கீது. பூஜையில வெச்சதை மறுநாள் வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க, யாரு அமுக்கப் போறாங்கன்னு நெனச்சேன். பொட்டு வைப்பாங்கன்றது என் புத்திக்கு எட்டலியே!"

"நீ எங்கே இருந்தே?" என்றாள் மதுவந்தி.

"பூசணிக்காய் வாங்கிக்கினு கேட் பக்கம் வந்தேன். வண்டி தானா உறுமுச்சு. உள்ள ஆளே இல்ல. பாய்ஞ்சுபோய்க் கதவைத் தொறந்து கியரை எடுத்துட்டு வண்டியைப் பின்னால தள்ளினேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்தது அதைத்தான்."

"சாரு அதை ஏசின்னுதான் நெனச்சுக்கினு கீறாரு," என்றான் காஷிஃப்.

"நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன். என்ஜின்னு சொன்னா பயப்படுவாருன்னு." வேம்பு மூக்கை உறிஞ்சினான். "அம்மாவுக்கு வேர்க்கக் கூடாதுன்னு ஆசை ஆசையாப் போட்டது மேடம் அது. அதுவே அம்மாவை... எப்படிச் சொல்றது? சொன்னா அந்த மனுஷன் அன்னிக்கே செத்துடுவாரு. என்னை அறைஞ்சதோட போவட்டும்."

வெளியே வந்தபோது தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். மதுவந்தியின் முகத்தையே பார்த்தாள். மதுவந்தி அவள் கையைப் பிடித்து, "வந்துடுவான்மா," என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் காஷிஃப் பொரிந்து தள்ளினான். "வேற வழியே இல்லியா மேடம்? வேம்புவே அமுக்கினான்னு சொல்லலாம். ரிமோட் கெட்டுப்போய் தானா ஸ்டார்ட் ஆச்சுன்னு சொல்லலாம். எதுக்கு அந்தப் பெரியவரை உயிரோட கொளுத்தணும்?"

"சொன்னா இன்னொரு பொய்யாகும். கோர்ட்டுல நிக்காது. வேம்புவுக்கு ஆயுசு முழுக்கப் போயிடும்." மதுவந்தி அவன் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "எனக்கு மட்டும் ஆசையா காஷிஃப்? அவர் கேட்டது ரெண்டாவது சாவி. அதைக் கொடுக்காம வேம்புவைக் காப்பாத்த எனக்கு வழி தெரியலை."



*

சாயங்காலம் பீர் முஹம்மது டாஷ்போர்டைக் கழற்றினார். பஞ்சு சுற்றிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், புத்தம் புதிதாக, இரண்டாம் சாவி. அனந்தராமன் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது எப்படி உள்ளே போச்சு? வேம்பு ஒளிச்சு வெச்சானா?"

"இல்லை சார். உங்க ரிமோட் வேலை செய்யணும்னா இது உள்ளேயே இருந்தாகணும்," என்றாள் மதுவந்தி. "வேம்பு திருடவே இல்லை."

"அப்போ எந்தச் சாவியைப் போட்டு எடுத்தான்?"

மதுவந்தி பீர் முஹம்மதுவைப் பார்த்துத் தலையசைத்தாள். காஷிஃப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பீர் முஹம்மது அவரிடமிருந்து சாவியை வாங்கி மறுபடி டப்பாவுக்குள் வைத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, நாலு சக்கரத்துக்கும் செங்கல் கொடுத்து, கேட்டைவிட்டு விலகி நின்றார்.

"மேலே வாங்க சார். அன்னிக்குப் பொட்டு வெச்சீங்களே, அதை ஒரு தடவை செஞ்சு காட்டணும்."

அவருக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் வந்தார். கைகால் கழுவிக்கொண்டு பூஜை அறைக்குள் பதினேழு நாள் கழித்து நுழைந்தார். சந்தனம் குழைத்தார். பழக்கம் விடவில்லை, உதடு தானாக மந்திரத்தை முணுமுணுத்தது. சாவிக்கு வைத்தார். ரிமோட்டை எடுத்தார். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, பட்டனின் நடுவில் அழுத்தி வைத்தார். குங்குமத்தைத் தொட்டு, அதன்மேல் அழுத்தினார்.

கீழே என்ஜின் உறுமியது.

"யாரு வண்டில?" என்றார் அனந்தராமன் திடுக்கிட்டு. "வேம்பு வந்துட்டானா?"

 அவர் ரிமோட்டோடு ஜன்னலுக்குப் போனார். டிரைவர் சீட் காலி. பீர் முஹம்மது பத்தடி தள்ளி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். ஆளில்லாத கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

 பிறகு பட்டுத்துணியைத் திரும்பிப் பார்த்தார். பொட்டு இருந்த சாமான்களையும் இல்லாத சாமான்களையும் பார்த்தார். வாழ்நாளெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு யாரும் விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏசின்னா அது..." என்றார்.

"ஏசி ஓட என்ஜின் ஓடணும் சார்," என்றாள் மதுவந்தி மெதுவாக. "அன்னிக்கு எலுமிச்சம்பழத்துக்காக வேம்பு கியர்ல போட்டிருந்தான். நீங்க வேணும்னு செய்யலை. அவனும் வேணும்னு செய்யலை."

"அவளுக்கு வேர்க்கக் கூடாதுன்னு போட்டேன்மா."

"தெரியும் சார்."

அவர் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டார். காஷிஃப் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டான். பிடித்த கை குச்சியாக இருந்தது. அவர் விழவில்லை. குங்குமம் பட்ட விரலை உயர்த்திப் பார்த்தார். கேட்டது வேறு கேள்வி.

"வேம்புவுக்கு இது தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா?" அவர் குரல் கிறீச்சிட்டது. "நான் அறைஞ்சப்போகூடச் சொல்லலையா?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொல்லலை சார்," என்றான் காஷிஃப்.  "கடைசி வரைக்கும் சொல்ல வேணாம்னுதான் எங்ககிட்டயும் கெஞ்சினான்."

அனந்தராமன் முகத்தை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். காஷிஃப் அவரை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான். கீழே காரின் சத்தம் ஓய்ந்தபோதுதான் அழுகையும் ஓய்ந்தது. பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

அவர் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஆட்டோ கூப்பிடுப்பா."

"ஸ்டேஷனுக்கா சார்?"

"அங்கே எழுதிக் குடுக்கறேன், எல்லாத்தையும். அப்புறம் அவனைப் பார்க்கணும்."

"இன்னிக்கு நேரம் முடிஞ்சுபோச்சு சார். நாளைக்குக் காலைலதான் மனுப் போட முடியும்," என்றாள் மதுவந்தி.

"அப்போ வாசல்ல உட்கார்ந்துக்கறேன். அவன் ஆத்துக்காரி தினம் அங்கேதானே உட்கார்ந்திருக்கா?"

படியிறங்கி, காரைத் திரும்பிப் பார்க்காமல், தூணைத் தாண்டி நடந்தார். ஆட்டோவில் ஏற வலது கையை ஊன்றப் போனவர், சட்டென்று அதை இழுத்துக்கொண்டார். இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.

"இந்தக் கையாலதான்பா அவனையும் அறைஞ்சேன்," என்றார் காஷிஃபிடம், மடியில் கிடந்த வலது கையைக் காட்டி.